நெப்டியூனில் தரித்து நிற்க ஓர் அணுவுலை

திருகோணமலை டச்பே கடற்கரையில் தொலைநோக்கி வைத்து வியாழனையும் அதன் நான்கு நிலவுகளையும் பார்த்துக்கொண்டிருந்த ஓர் இரவில், உயர்தரம் கணிதப் பிரிவில் படிக்கும் மாணவி ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். மணலில் நின்றபடி அரைகுறையாகப் பதில் சொன்னேன். அவர் வீட்டுக்குப் போய் அதையே நான்காகப் பிரித்து எழுதி அனுப்பிவிட்டார். சூரியத் தகடுகள் இருக்கும்போது விண்கலத்துக்கு அணுவுலை எதற்கு? வாயேஜர் விண்கலத்தில் ஏற்கெனவே அணுமின்கலம் இருக்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றா? அயன் எந்திரத்தின் தள்ளுவிசை ஒரு கடதாசித் தாளின் எடை அளவுதான் என்றால் அதனால் என்ன ஆகும்? ஏவும்போது கடலில் விழுந்தால் என்ன நடக்கும்?

அரைகுறைப் பதிலுக்கு ஈடாக இப்போது முழுப் பதில் எழுதுகிறேன். கேட்ட வரிசையில் வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அணுமின் உந்துகை என்றால், அணுவுலையின் வெப்பத்தை மின்சாரமாக்கி, அந்த மின்சாரத்தால் அயன்களை, அதாவது மின்னேற்றம் பெற்ற அணுக்களை, மிகுந்த வேகத்தில் பின்னோக்கி எறிந்து கலத்தை முன்னே தள்ளுவது. இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்திலிருந்து தொடங்குவார்கள். நான் நிற்பதிலிருந்து தொடங்க விரும்புகிறேன். நியூ ஹொரைசன்ஸ் கலம் 2006 ஜனவரி 19 அன்று புறப்பட்டு, ஒன்பதரை ஆண்டுகள் பயணித்து, 2015 ஜூலை 14 அன்று புளூட்டோவை அடைந்தது. அடைந்தது என்று சொல்கிறோமே தவிர, செக்கனுக்கு ஏறத்தாழ 14 கிலோமீற்றர் வேகத்தில் கடந்து போனது என்பதுதான் சரி. ஒன்பதரை ஆண்டு பஸ்ஸில் இருந்து, இறங்க வேண்டிய தரிப்பிடம் வந்தபோது யன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போக வேண்டியதாயிற்று. அந்தச் சில மணி நேரத்தில் எடுத்த படங்களே புளூட்டோவைப் பற்றிய நம் அறிவை அடியோடு மாற்றின. நின்றிருந்தால்?

நிற்பதற்கு என்ன செலவாகும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கலத்தின் நிறை அரைத் தொன்னுக்குச் சற்றுக் குறைவு. செக்கனுக்குக் குறைந்தது 13 கிலோமீற்றர் வேகத்தைக் குறைக்க வேண்டும். பல ஆண்டுகள் தாங்கியில் கெடாமல் இருக்கக்கூடிய இரசாயன எரிபொருளின் வெளியேற்ற வேகம், அதாவது எரிந்த வாயு பின்னால் பாயும் வேகம், செக்கனுக்கு ஏறத்தாழ 3 கிலோமீற்றர். இந்த எண்களிலிருந்து எரிபொருளின் நிறையைச் சொல்லும் ரொக்கெட் சமன்பாட்டில் போட்டால் முப்பது தொன்னுக்கும் மேல் எரிபொருள் வருகிறது. பிரேக் பிடிக்க மட்டும் அவ்வளவு! அந்த முப்பது தொன்னையும் புளூட்டோ வரை தள்ளிக்கொண்டு போக எவ்வளவு வேண்டும் என்று கணக்கை நீட்டினால், எந்த ரொக்கெட்டாலும் முடியாது என்ற இடத்தில் வந்து நிற்போம்.

சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பிரித்தானியக் கடற்படை காட்டுக்குள் அவ்வளவு பெரிய தாங்கிகளை வரிசையாகக் கட்டியதற்குக் காரணம் எளிமையானது. எந்தக் கப்பலாலும் தனக்கு வேண்டிய எண்ணெய் முழுவதையும் தானே சுமந்து உலகைச் சுற்ற முடியாது. வழியில் ஒரு திருகோணமலை வேண்டும். வியாழனுக்கும் நெப்டியூனுக்கும் இடையில் அப்படி ஒரு துறைமுகம் கிடையாது. கிரகங்களின் ஈர்ப்பைக் கடன் வாங்கி வேகம் கூட்டலாம். வாயேஜர் 2 அப்படித்தான் 12 ஆண்டுகளில் நெப்டியூனைச் சென்றடைந்து, 1989 ஓகஸ்ட் 25 அன்று அதைத் தாண்டிப் போனது. அதன்பின் இன்றுவரை வேறெந்தக் கலமும் அங்கே போகவில்லை. நிதானமாகப் போய் நிற்கலாம் என்று மிகக் குறைந்த எரிபொருள் செலவாகும் நீள்வட்டப் பாதையில் போனால், போய்ச் சேரவே ஏறத்தாழ 30 ஆண்டுகள் ஆகும். திட்டம் வகுத்த பொறியியலாளர் ஓய்வுபெற்ற பிறகுதான் முதல் படம் வரும்.

இந்த இடத்தில்தான் வெளியேற்ற வேகம் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வள்ளத்தில் இருந்துகொண்டு கற்களைப் பின்னால் எறிந்து முன்னே போகிறீர்கள் என்று வையுங்கள். பத்து மடங்கு வேகமாக எறியத் தெரிந்தால், அதே உந்தத்துக்குப் பத்தில் ஒரு பங்கு கல் போதும். இரசாயன எரிபொருளில் எறியும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. எரிதலில் கிடைக்கும் சக்திக்கு மேல் அதனால் கொடுக்க முடியாது. ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்தாலே செக்கனுக்கு நாலரை கிலோமீற்றர்தான். அயன் எந்திரத்தில் செனன் வாயுவின் அணுக்களிலிருந்து இலத்திரனைப் பிரித்து, மின்புலத்தால் முடுக்கி எறிகிறார்கள். வேகம் செக்கனுக்கு 30 கிலோமீற்றர். மின்னழுத்தத்தைக் கூட்டினால் இன்னும் கூடும். மேலே சொன்ன அதே பிரேக் கணக்கில் 30 ஐப் போட்டால், முப்பது தொன்னுக்கு மேல் வந்த விடை 300 கிலோவுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. மின்னுற்பத்தி நிலையத்தின் நிறையை இதில் நான் சேர்க்கவில்லை. அந்த நிறைதான் இந்தக் கதையின் வில்லங்கம், பிறகு வருகிறேன்.

இனி கடதாசித் தாள் கேள்வி. உண்மைதான். டோன் விண்கலத்தின் அயன் எந்திரம் உச்சத்தில் 90 மில்லிநியூட்டன் விசையைத்தான் கொடுத்தது. அது 9 கிராம் எடைக்குச் சமம், அதாவது இரண்டு ஏ4 தாள்கள்கூட இல்லை. ஆனால் தாளைக் கையில் எத்தனை நேரம் தாங்குகிறோம் என்று கேட்க மறக்கக் கூடாது. இரசாயன எந்திரம் சில நிமிடங்கள் எரிந்து அணைகிறது. டோனின் எந்திரங்கள் எல்லாமாகச் சேர்த்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் இயங்கின. 2007 இல் புறப்பட்ட அந்தக் கலம் 425 கிலோ செனனை மட்டும் வைத்துக்கொண்டு தன் வேகத்தைச் செக்கனுக்கு 11 கிலோமீற்றருக்கும் மேல் மாற்றியது. 2011 இல் வெஸ்டா என்ற சிறுகோளைச் சுற்றி வந்தது, பிறகு அங்கிருந்து கிளம்பி 2015 இல் சீரிஸ் என்ற குறுங்கோளைச் சுற்றி வந்தது. வேற்றுலகம் இரண்டில் அடுத்தடுத்துத் தரித்து நின்ற முதல் கலம் அதுதான். அந்தச் சிறிய தள்ளல் இல்லாமல் அது நடந்திருக்காது.

டோன் ஓடியது சூரிய ஒளியில். அப்படியானால் சூரியத் தகடே போதுமே என்கிறீர்கள். செவ்வாய் வரைக்கும், சிறுகோள் பட்டை வரைக்கும் போதும். அங்கே அணுவுலையைக் கொண்டுபோவது வீண் சுமை என்பதே என் கருத்து. 2023 ஒக்டோபரில் புறப்பட்ட சைக்கி கலமும் சூரிய மின்சாரத்தில்தான் தன் சிறுகோளை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கப்பால்தான் தொல்லை. ஒளி தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்மாறாகக் குறைகிறது. டோனின் தகடுகள் பூமிக்கருகே 10 கிலோவாற்று கொடுத்தவை, சீரிஸ் தூரத்தில் 1.3 கிலோவாற்றுக்கு இறங்கின. வியாழனுக்குப் போன ஜூனோ கலத்துக்கு ஒவ்வொன்றும் 9 மீற்றர் நீளமான மூன்று தகடுகள். பூமியருகே 14 கிலோவாற்று, வியாழனில் 500 வாற்றுக்கும் குறைவு. ஒரு மின்னழுத்திக்கே காணாது! சனியில் ஒளி பூமியில் கிடைப்பதன் தொண்ணூற்றில் ஒரு பங்கு. நெப்டியூனில் தொள்ளாயிரத்தில் ஒன்று.

வாயேஜரின் அணுமின்கலம் வேறு. அதற்குள் புளூட்டோனியம் 238 தானாகச் சிதைந்து சூடாக இருக்கிறது. அந்தச் சூட்டை வெப்பவிணைகள் நேரடியாக மின்சாரமாக்குகின்றன. ஓர் அணு பிளந்து அடுத்ததைப் பிளக்கும் சங்கிலித் தாக்கம் இல்லை, அசையும் பாகம் இல்லை, நிறுத்தும் ஆளியும் இல்லை. அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 87.7 ஆண்டுகள் என்பதால் பல பத்தாண்டுகள் உழைக்கும். நான் மிகவும் மதிக்கும் கருவி அது. ஆனால் வாயேஜரில் மூன்று அணுமின்கலங்களும் சேர்ந்து புறப்பட்ட நாளில் கொடுத்தது ஏறத்தாழ 470 வாற்று. நாசா பிற்காலத்தில் செய்த சிறந்த அணுமின்கலம்கூட 57 கிலோ நிறைக்கு 300 வாற்றுத்தான். 100 கிலோவாற்று வேண்டுமென்றால் அப்படி முந்நூறுக்கும் மேல் அடுக்க வேண்டும். உலகில் அவ்வளவு புளூட்டோனியம் 238 கிடையாது. அணுவுலையோ யுரேனியம் 235 ஐப் பிளக்கிறது. வேண்டியபோது தொடங்கலாம், கூட்டலாம், குறைக்கலாம். அடுப்புக்கும் வெயிலில் சுட்ட கல்லுக்கும் உள்ள வேறுபாடு.

அந்த 100 கிலோவாற்றை வைத்துக்கொண்டு ஒரு கணக்கு. வினைத்திறன் 60 சதவீதம், வெளியேற்ற வேகம் செக்கனுக்கு 30 கிலோமீற்றர் என்றால் தள்ளுவிசை 4 நியூட்டன். 20 தொன் கலம் ஒன்றில் அது நாளொன்றுக்குச் செக்கனுக்கு 17 மீற்றர் வேகத்தைச் சேர்க்கும். ஓர் ஆண்டு விடாமல் தள்ளினால் செக்கனுக்கு 6 கிலோமீற்றருக்கும் மேல். செலவு நாளுக்குப் பதினொன்றரை கிலோ செனன். பாதி வழி வரை முடுக்கி, மீதி வழியில் கலத்தைத் திருப்பிவைத்து வேகத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது, பௌதிகவியல் படிக்கிறவர் அதைக் கவனிக்க வேண்டும். வெளியேற்ற வேகத்தை இரட்டிப்பாக்கினால் செனன் மிச்சமாகும், ஆனால் அதே மின்வலுவுக்கு விசை பாதியாகிவிடும், பயணம் நீளும். செனனுக்கும் விசைக்கும் நடுவில் பேரம் பேசிப் பேசித்தான் இந்தக் கலங்களை வடிவமைக்கிறார்கள்.

போய்ச் சேர்ந்த பிறகும் அந்த மின்சாரம் அங்கேயே இருக்கும். என்னைக் கேட்டால் இதுதான் உந்துகையைவிடப் பெரிய பேறு. நியூ ஹொரைசன்ஸ் பூமியோடு பேசிய வானொலியின் பரப்புவலு 12 வாற்று. உங்கள் வீட்டு முற்றத்து எல்.ஈ.டி மின்குமிழ் அளவு. அதனால் ஒரு செக்கனுக்கு ஒன்றிரண்டு ஆயிரம் பிற்றுகள்தான் அனுப்ப முடிந்தது; 2015 ஜூலையில் சில நாட்களில் சேர்த்த தரவு முழுவதும் வந்து முடிய 2016 ஒக்டோபர் ஆயிற்று. அணுவுலை உள்ள கலம் கிலோவாற்றுக் கணக்கில் பேசலாம். பனி நிலவொன்றின் மேலோட்டை ஊடுருவிப் பார்க்கும் ராடாரை நாள் முழுக்க இயக்கலாம். நெப்டியூனின் நிலவு டிரைட்டனில் நைதரசன் ஊற்று பீறிடுவதை வாயேஜர் 2 போகிறபோக்கில் படம் பிடித்தது. அதைப் பருவம் பருவமாகப் பக்கத்தில் இருந்து பார்ப்பதை நினைத்துப் பாருங்கள்.

சரி, இவ்வளவு நல்லதென்றால் ஏன் இன்னும் நடக்கவில்லை? அரசியலும் பணமும் உண்டு. அதற்கு முன்னே வெப்பம் உண்டு.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் கன்னியாவுக்குப் போயிருக்கிறீர்களா? ஏழு கிணறுகளிலும் ஏழு வகைச் சூடு. வாளியில் அள்ளி ஊற்றினால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் ஆறிவிடுகிறது. ஆவியாகிறது, காற்று சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. விண்வெளியில் இரண்டும் நடக்காது. கதிர்வீச்சாக மட்டுமே வெப்பம் வெளியேறும். 100 கிலோவாற்று மின்சாரத்தை 25 சதவீத வினைத்திறனில் எடுத்தால் 300 கிலோவாற்று கழிவு வெப்பம் மிஞ்சும், அதை வெளியே கொட்டியே ஆகவேண்டும். ஸ்டெபான் விதிப்படி கதிர்வீச்சு வெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. வெப்பத்தை வெளியேற்றும் தகடு 300 கெல்வினில், அதாவது நம் ஊர் நண்பகல் வெப்பநிலையை ஒட்டி இருந்தால், அந்த வேலைக்கு 650 சதுர மீற்றருக்கும் மேல் பரப்பு தேவை. நான்கு கரப்பந்தாட்ட மைதானங்களைவிடக் கூடுதல். அதே தகடு 500 கெல்வினில் இருந்தால் 100 சதுர மீற்றருக்கும் குறைவு போதும். ஆகவே தகட்டைச் சூடாக்கு என்கிறது ஸ்டெபான் விதி. குளிர்ந்த பக்கம் சூடானால் எந்திரத்தின் வினைத்திறன் குறையும் என்கிறது கார்னோ விதி. இரண்டையும் சமாளிக்க வேண்டுமானால் உலையையே இன்னும் சூடாக்க வேண்டும்; அந்தச் சூட்டைப் பத்தாண்டுக்கு மேல் தாங்கும் உலோகம் வேண்டும். மாணவர்கள் அயன் எந்திரத்தின் நீல ஒளியைப் பார்த்து மயங்குகிறார்கள். எந்திரம் ஓரளவு முடிந்த வேலை. உண்மையான போராட்டம் இந்தத் தகட்டிலும் குழாய்களிலும் உலோகங்களிலும் நடக்கிறது.

நிறையும் அங்கேதான் ஏறுகிறது. உலை, கவசம், மின்பிறப்பாக்கி, தகடு எல்லாம் சேர்த்து ஒரு கிலோவாற்றுக்கு 40 கிலோ என்று வைத்துக்கொண்டால், 100 கிலோவாற்றுக்கு 4 தொன். இது சிறுக்க மறுக்கும் நிறை. சங்கிலித் தாக்கம் நிலைக்க ஒரு குறைந்தபட்ச யுரேனியம் தேவை, அதற்குக் கீழே உலை என்ற ஒன்றே கிடையாது. அதனால் அரைத் தொன் கலத்துக்கு இந்த வழி ஒத்துவராது. ஒரு நல்ல வசதி, மனிதர் இல்லாத கலத்தில் கவசத்தை எல்லாப் பக்கமும் சுற்ற வேண்டியதில்லை. உலையை நீண்ட கம்பத்தின் ஒரு முனையில் வைத்து, கருவிகளை மறுமுனையில் வைத்து, இடையே ஒரு சிறு தடுப்பை நிறுத்தினால் அதன் நிழலில் கருவிகள் தப்பிவிடும். இயந்திரக் கலங்களுக்கு முதலில் இது பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வரலாறு அறுபது ஆண்டுப் பழையது. அமெரிக்காவின் ஸ்னாப் 10ஏ உலை 1965 ஏப்ரல் 3 அன்று சுற்றுப்பாதைக்குப் போய் 500 வாற்றுக்கு மேல் மின்சாரம் கொடுத்தது. அதே கலத்தில் சீசியம் அயன் எந்திரம் ஒன்றையும் சோதித்தார்கள். அதன் மின் இடையூறு கலத்தின் திசை காக்கும் கருவிகளைக் குழப்பியதால் ஒரு மணி நேரத்துக்குள் நிறுத்த வேண்டியதாயிற்று. 43 ஆம் நாள் உலையும் அணைந்தது. பிழை உலையில் இல்லை, கலத்தின் மின்னழுத்தச் சீராக்கியில். அது இன்றும் ஏறத்தாழ 1,300 கிலோமீற்றர் உயரத்தில் நம் தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் எரிபொருள் யுரேனியமும் சிர்க்கோனியம் ஐதரைட்டும் கலந்தது. சிர்க்கோனியம் கிடைக்கும் தாது சிர்க்கோன். நம் மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரைக் கறுப்பு மணலில் இல்மனைற்றோடும் ரூட்டைலோடும் அது கிடக்கிறது. அந்த மணலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிறிய உலையின் நினைவு வரும்.

சோவியத் ஒன்றியம் முப்பதுக்கும் மேற்பட்ட உலைகளை விண்ணுக்கு அனுப்பியது, பெரும்பாலும் கடலைக் கண்காணிக்கும் ராடார் செயற்கைக்கோள்களில். 1987 இல் டோபாஸ் உலையோடு போன கொஸ்மோஸ் 1818 இல் மின் உந்து எந்திரங்களும் இருந்தன. நாசா 2003 இல் வியாழனின் மூன்று பனி நிலவுகளைச் சுற்றிவர, 200 கிலோவாற்று உலையும் 12 தொன் செனனும் கொண்ட, ஏறத்தாழ 58 மீற்றர் நீளக் கலத்தைத் திட்டமிட்டது. 2005 இல் கைவிட்டது. அந்தத் திட்டத்தை நான் நேசித்தேன், ஆனாலும் அது முதல் அடியிலேயே மலையைத் தாண்டப் பார்த்தது என்றுதான் சொல்வேன். 2018 மார்ச்சில் நெவாடாவில் நடந்த, கிறஸ்டி என்ற சிறு உலையின் சோதனையே சரியான வழி: சமையலறைத் துடைதாள் சுருள் அளவு யுரேனியக் கரு, சில கிலோவாற்று, 28 மணி நேர முழு ஓட்டம். சிறிதாகத் தொடங்கி வளர்க்கலாம்.

கடைசிக் கேள்வி, கடலில் விழுந்தால். கடலோரத்தில் வாழ்கிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். ஏவும்போது உலை அணைந்திருக்கும். ஒருபோதும் மூட்டாத உலையில் இருப்பது புது யுரேனியம். யுரேனியம் 235 இன் அரைவாழ்வு 70 கோடி ஆண்டுகள், ஆகவே அதன் கதிரியக்கம் மிகக் குறைவு. ஆபத்தான பிளவுப்பொருட்கள் உலை ஓடத் தொடங்கிய பிறகுதான் சேர்கின்றன. ஏவுதளத்தில் இருக்கும்போது, முதல் நாளிலிருந்தே சூடாக இருக்கும் வாயேஜர் வகை அணுமின்கலத்தில்தான் கதிரியக்கம் கூடுதல். ஆனால் உண்மையான ஓர் அச்சம் உண்டு: அணுவைப் பிளக்கும் துகள்களான நியூத்திரன்களைக் கடல் நீர் மெதுவாக்கும், மெதுவானவை யுரேனியத்தை எளிதாகப் பிளக்கும், அதனால் விழுந்த உலை தானாக மூண்டுவிடக்கூடும். அதைத் தடுக்க நியூத்திரன்களை விழுங்கும் போரன் காபைட்டுத் தண்டைக் கருவின் நடுவே செருகி, விண்வெளியில் பாதுகாப்பான உயரம் போன பிறகே வெளியே இழுப்பதாக வடிவமைக்கிறார்கள்.

ஓடிக்கொண்டிருந்த உலை திரும்பி விழுவதுதான் நடக்கக் கூடாதது. அது நடந்தும் இருக்கிறது. 1978 ஜனவரி 24 அன்று, உலை கொண்ட சோவியத் செயற்கைக்கோளான கொஸ்மோஸ் 954 கனடாவின் வடபகுதியில் விழுந்து கதிரியக்கச் சிதறல்களைப் பரப்பியது. தாழ்ந்த சுற்றுப்பாதையில் உலையை ஓட்டியதே அங்கு செய்த தவறு. 1992 இல் ஐக்கிய நாடுகள் சபை இதற்கான கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. வெளிக்கிரகங்களுக்குப் போகும் கலம் பூமியை விட்டு விலகிய பின்னர் உலையை மூட்டும், திரும்பியும் வராது. திரும்பி வந்து பூமியின் ஈர்ப்பைக் கடன் வாங்கும் பாதையில் உலையை ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

கேள்விகளை அனுப்பிய மாணவிக்கு: அவற்றின் அடியில், இதற்கு எதைப் படிக்க வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். வெப்பக் குழாயிலிருந்து தொடங்குங்கள். கிறஸ்டி உலையிலிருந்து வெப்பத்தை வெளியே கொண்டுவந்தவை எட்டுச் சோடியம் வெப்பக் குழாய்கள். சூடான முனையில் சோடியம் ஆவியாகும், குளிர்ந்த முனைக்கு ஓடி அங்கே திரவமாகும், விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல ஒரு திரி அதைத் திரும்பக் கொண்டுவரும். பம்பி இல்லை, ஈர்ப்பும் தேவையில்லை. சோடியத்துக்குப் பதில் தண்ணீர் நிரப்பிய அதே குழாய் பழைய மடிக்கணினிகளுக்குள் தட்டையான செப்புக் குழாயாக இருக்கிறது. கடைத்தெருவில் திருத்துமிடங்களில் கேட்டால் பழுதான ஒன்றைத் தருவார்கள். சனிக்கிழமை கொண்டுவாருங்கள். ஒரு முனையை வெந்நீரில் வைத்து, மறுமுனை சுட எத்தனை செக்கன் ஆகிறது என்று அளந்து பார்ப்போம். பிறகு அதே நீளத்துக்கு ஒரு செப்புக் கம்பியையும் வைத்துப் பார்ப்போம்.